விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ்

எமது கல்லூரியின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். தமிழாசிரியரிடம் இவ்வாறு கேட்போர் நாவலர் பெருமானையோ, விபுலாநந்த அடிகளையோ, சேர் பொன்னம்பலம் இராமநாதனையோ எதிர்பார்த்தே கேட்பர். அவர்களைப் பற்றி எழுத வல்லார் இம்மலரிற் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டவரோ தமிழரல்லர், இலங்கையருமல்லர். தெலுங்கு நாட்டிற் பிறந்து, சென்னையில் ஓர் இந்துப் பாடசாலையிற் பயின்று, அமெரிக்காவிலே உயிர்நீத்த வைத்திய விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் அவர். நாம் உண்ணும் சோறு குளுக்கோசாகி, அக்குளுக்கோசு உடற்கலங்களிலே சிதைந்து சக்தியாகும் வழியில் ஒரு பெரும் மறைபொருளைக் கண்டவர்களுள் ஒருவர். நன்னூலும் நளவெண்பாவும் கற்பிக்கும் நாம் இதிற் புகுந்ததற்குக் காரணம் உண்டு.

நாம் பணியாற்றுவது மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலையில். கத்தோலிக்க மக்கள் நிறைந்து வாழும் கடற்றொழிற் கிராமம் அது. காலையிற் பாடசாலைக்குச் செல்லும் வழியிற் கரைவலை இழுப்போரைக் காண்போம். இரு கயிறுகளையும் பற்றி, இரு வரிசையாய் நின்று, குதிகாலை மணலிலே புதைத்து, அம்பாப் பாடி இழுப்பர். மடி கரைசேர்ந்ததும் மணலிற் சாய்ந்துவிடுவர். வலையிழுக்கும் போது வாங்கிய மூச்சினும் இழுத்து ஓய்ந்தபின் வாங்கும் மூச்சு நெடுநேரம் நீடிப்பதைக் கண்டிருக்கின்றோமேயன்றி, அஃது ஏன் என்று நாம் எண்ணியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அவ்வரிசையில் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் நின்றான். சாதாரண தரப் பரீட்சையில் இருமுறை தவறியவன். மூன்றாம் முறையும் தோற்றலாமா என்று எம்மிடம் வந்து கேட்டபோது, காலத்தை வீணாக்காது தகப்பனாரோடு தொழிலுக்குப் போகுமாறு கூறி அனுப்பியவர் நாமே. கடற்றொழில் எத்தொழிலுக்கும் தாழ்ந்ததன்று. ஆனால் அவன் எம்மிடம் கேட்டது வேறு. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரத்தோடு கொடுத்த புத்திமதி ஆதலின் அவன் மறுக்காது சென்றான். இதனை எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியராகிய நண்பரிடம் பேச்சுவாக்கிற் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் சுப்பாராவின் வரலாற்றைச் சொன்னார். சுப்பாராவ் மற்றிக்குலேசன் பரீட்சையிலே மூன்றாம் முறையே தேறியவர்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆம் திகதி, அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிப் பகுதியில் பீமாவரம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் பெயர் செகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டுவதென்று தீர்மானித்து வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடவில்லை, மீட்டுக்கொண்டுவந்து மறுபடியும் பாடசாலையில் அமர்த்தினார். இராசமகேந்திரியிற் படித்த காலத்தில் உறவினரின் மரணங்களும் மனக்கலக்கமும் படிப்பைக் கெடுத்தன. இருமுறை தவறி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து மூன்றாம் முறை தேறினார். பின்னாளில் வானவியலில் உலகப்புகழ் பெற்ற சந்திரசேகரும் அப்பாடசாலையிலே பயின்றவர். சந்திரசேகரைப் போன்ற மாணாக்கரை எந்த ஆசிரியரும் இனங்கண்டுகொள்வர். சுப்பாராவைப் போன்றாரை இனங்காணுதலே அரிது.

மாநிலக் கல்லூரியிற் படிக்கும்போது இராமகிருஷ்ண சங்கத்தாரின் தொடர்பு ஏற்பட, துறவியாகிவிட வேண்டுமென்ற வேட்கை மேலிட்டது. தாயார் அதற்கும் இசையவில்லை. சங்கத்தின் வைத்தியப் பணிக்கேனும் உதவுவோம் என்றெண்ணியே சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். கையிற் பணமில்லை. நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவரும் உதவினர். அவருடைய மகள் சேஷகிரியையே 1919இல் மணந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர்த்துணியிலே சத்திரசிகிச்சை அங்கி தைத்து அணிந்தமை ஆங்கிலேயப் பேராசிரியருக்குச் சினத்தை மூட்டியது. எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியும், முழுப் பட்டம் மறுக்கப்பட்டுக் குறைந்த தகுதியான எல்.எம்.எஸ். பத்திரமே கிடைத்தது. அரசாங்க வைத்திய சேவையிற் சேர முயன்றார்; இடம் கிட்டவில்லை.

அக்காலத்திலேயே அவர் வீட்டில் ஒரு பேரிடி விழுந்தது. தமையன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும், சில நாட்கள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக, கிராணி எனப்படும் நீங்கா வயிற்றுப்போக்கு நோயால் இறந்தனர். அந்நாளில் மேனாட்டு வைத்தியத்தில் அந்நோய்க்கு உறுதியான மருந்து இருக்கவில்லை. சுப்பாராவ் வைத்தியர் இலட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரையாளராய் அமர்ந்து, நாட்டு மருந்துகளை ஆராயத் தொடங்கினார். மேலும் கற்க வேண்டுமாயின் கடல் கடக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. காக்கிநாடாவிலிருந்த சத்தியலிங்க நாயக்கர் தரும நிதியத்தாரின் வாக்குறுதியும் மாமனாரின் பொருளுதவியும் கொண்டு புறப்பட்டு, 1922ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26ஆம் திகதி பொஸ்ரன் நகரை அடைந்தார். அவர் சென்றபின் பிறந்த ஆண்குழந்தை ஓராண்டு நிரம்புமுன்னரே இறந்தது. தந்தை மகன் முகத்தைக் கண்டதேயில்லை.

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய வைத்தியம் கற்றுக்கொண்டே, வைத்தியசாலை ஒன்றில் இரவுநேரச் சிற்றூழியம் செய்து வயிற்றைக் கழுவினார். பின்னர் அங்கேயே உயிரிரசாயனப் பகுதியில், சைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரிடம் ஆராய்ச்சியாளராய்ச் சேர்ந்தார். அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த பகுதி இதுவே. நாமும் இங்கே சற்று விரிவாகவே கூறுவோம்.

தசை எவ்வாறு வேலை செய்கின்றது என்பது அக்காலத்துப் பெருங்கேள்வி. தசையிற் சேமிக்கப்பட்ட சர்க்கரை, ஒட்சிசன் இல்லாதவிடத்து இலத்திக்கமிலமாக மாறும் என்பதை அறிந்திருந்தனர். அவ்வமிலமே தசையைச் சுருங்கச் செய்கின்றது என்பது பெரியோர் கொள்கை. இத்துறையில் ஆராய்ந்த செருமானியராகிய மயர்கோவும் ஆங்கிலேயராகிய ஹில்லும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். இந்நிலையிற் பிஸ்கேயும் சுப்பாராவும் 1925இல் குருதியிலுள்ள பொசுபரசை அளப்பதற்கு ஓர் எளிய முறையை வெளியிட்டனர். மாதிரியுடன் உரிய இரசாயனப் பொருள்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நீலம் எவ்வளவு கடுமையோ பொசுபரசு அவ்வளவு. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் அம்முறை பிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரோடு நெடுங்காலம் வழங்கிற்று.

இம்முறையைத் தசையிலிருந்து எடுத்த சாற்றிற் பரீட்சித்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நீலம் உடனே முழுமை பெறவில்லை. மெல்ல மெல்ல, நேரஞ் சென்றே கடுமையாயிற்று. வேறொருவராயின் கைப்பிழை என்று கருதிக் குழாயைக் கழுவி வைத்திருப்பர். இவர்கள் அத்தாமதத்தையே பிடித்துக்கொண்டனர். பொசுபரசு வேறேதோ பொருளோடு தளர்ந்த பிணைப்பாய்ப் பிணைந்திருந்து, சிறிது சிறிதாக விடுபடுவதாலேயே நிறம் தாமதிக்கின்றது என்று ஊகித்தனர். அப்பொருளைத் தேடிப் பிரித்தெடுத்து, அது கிரியாற்றின் என்று கண்டு, அச்சேர்வையாகிய பொசுபோகிரியாற்றினை 1927இல் உலகிற்கு அறிவித்தனர். தசையைத் தூண்டி வேலைவாங்கினால் அச்சேர்வை குறைகின்றது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் சேர்கின்றது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்ரன் தம்பதியரும் இத்தகைய ஒரு பொருள் தசையில் உண்டென்பதைக் கண்டிருந்தனர்; ஆனால் அதன் இயல்பைத் தெளிவாக்கியது பொஸ்ரன் ஆய்வுகூடமே.

1929இல் அவர்கள் தசையிலிருந்து இன்னுமொரு பொசுபரசுச் சேர்வையைப் பிரித்தெடுத்தனர். அதுவே அடினோசின் முப்பொசுபேற்று, மாணவர் ஏ.ரி.பி. என்று சுருங்கச் சொல்வர். அதே ஆண்டில், செருமனியிலே மயர்கோவின் ஆய்வுகூடத்தில் லோமன் என்பவரும் தனித்து நின்று இதனைக் கண்டார். பாடநூல்கள் பலவற்றில் லோமனின் பெயர் இருக்கும். சுப்பாராவின் பெயரைத் தேடத்தான் வேண்டும். அடுத்த ஆண்டிற் டென்மார்க்கு நாட்டவராகிய லுண்ட்ஸ்கார்ட், ஒருவகை நஞ்சூட்டிய தசை இலத்திக்கமிலம் சிறிதும் தோன்றாமலே சுருங்குவதைக் காட்டினார். பழைய கொள்கை அதனோடு சரிந்தது. தசையின் உடனடிச் சக்தி பொசுபரசுச் சேர்வைகளிலிருந்தே வருகின்றது என்பது பின்னர் நிலைபெற்றது. தசைக்கு மட்டுமன்று, எல்லா உயிர்க்கலங்களுக்கும் ஏ.ரி.பி.யே பொதுவான சக்திக் கருவூலம் என்பதை 1941இல் லிப்மன் என்பார் விரித்து எழுதினார்.

இதனை எம்போன்றார்க்கும் விளங்குமாறு விஞ்ஞான ஆசிரியர் கூறிய முறை நன்று. குளுக்கோசு ஐயாயிரம் ரூபாத் தாள் போன்றது. அதனை நீட்டித் தேநீர்க் கடையில் ஒரு தேநீர் வாங்குதல் இயலாது. மாற்றிச் சில்லறையாக்க வேண்டும். கலத்தினுள் வழங்கும் சில்லறையே ஏ.ரி.பி. ஆறு காபன் அணுக்கள் கொண்ட குளுக்கோசு, பத்துப் படிகளில், படிக்கொரு நொதியத்தின் துணையோடு, மும்மூன்று காபன் கொண்ட இரு பைருவிக்கமில மூலக்கூறுகளாகப் பிளவுறும். அதற்கு ஒட்சிசன் வேண்டியதில்லை. ஆனால் நிகரமாகக் கிடைப்பது இரண்டே ஏ.ரி.பி. ஒட்சிசன் இருப்பின், அப்பைருவிக்கமிலம் கலத்தினுள்ளிருக்கும் இழைமணிகளிற் புகுந்து, 1937இல் கிரெப்சு என்பவர் கண்ட வட்டத்திற் சுழன்று, காபனீரொட்சைட்டும் நீருமாக முடியும். அப்போது ஒரு குளுக்கோசுக்கு மொத்தம் ஏறத்தாழ 30 முதல் 32 ஏ.ரி.பி. வரை சேரும். முன்னைய பாடநூல்களில் 36 என்றும் 38 என்றும் படித்த பழைய மாணவர் மயங்கவேண்டா. கணக்குப் பின்னர்த் திருத்தப்பட்டது.

பனைமரம் நிறைந்த எம் தீவில் இதன் முற்பாதியை நாள்தோறும் காணலாம். முட்டியில் வடிந்த இனிய நீரில் மதுவங்கள் புகுந்து சர்க்கரையைச் சிதைக்கின்றன. பைருவிக்கமிலம் வரை அவை செல்லும் வழியும் எம் தசை செல்லும் வழியும் ஒன்றே. அதன்பின் மதுவம் மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் ஆக்குகின்றது. கள்ளிலே நுரைப்பது அவ்வாயுவே. தசையோ இலத்திக்கமிலத்தை ஆக்குகின்றது. முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் மதுவம் வளரமாட்டாது; கருப்பநீர் கருப்பநீராகவே நிற்கும். இவ்வுண்மையை எம் முன்னோர் நொதியத்தின் பெயர் அறியாமலே அறிந்திருந்தனர்.

இனிக் கரைவலைக்கு வருவோம். கயிற்றைப் பற்றி முதல் வலுவாக இழுக்கும் சில விநாடிகளுக்கு, தசையில் ஆயத்தமாயிருக்கும் ஏ.ரி.பி.யும், அது செலவாகச் செலவாக அதனை ஈடுசெய்யும் பொசுபோகிரியாற்றினும் போதும். அது கரைந்ததும் குளுக்கோசு உடைபடவேண்டும். மூச்சு ஈடுகொடுக்கும் வரை ஒட்சிசனோடு உடைபடும். இழுவை அதனினும் கடுமையானால் ஒட்சிசன் இல்லாமலே இலத்திக்கமிலமாகும். முன்னாளிற் சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் அப்பால் முத்துக்குளித்தோர், மூச்சையடக்கிக் கடலடியிற் சிப்பி பொறுக்கியபோதும் அவர்தம் தசைகள் பெரிதும் இவ்வழியையே நம்பியிருந்தன. மடி கரைசேர்ந்தபின் வாங்கும் பெருமூச்சு, செலவான பொசுபோகிரியாற்றினை மீண்டும் ஆக்குவதற்கும், தேங்கிய இலத்திக்கமிலத்தை எரிப்பதற்கும் ஈரலில் மறுபடி குளுக்கோசாக்குவதற்கும் பட்ட கடனின் வட்டியும் முதலும் ஆகும். பொஸ்ரன் ஆய்வுகூடத்திலே, ஓய்வின்போது தசையில் மீண்டும் சேர்ந்த அப்பொருளே எம் கடற்கரையில் மணலிற் சாய்ந்து கிடப்போரின் கைகளிலும் சேர்கின்றது. உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.ரி.பி. மிகச் சிறிதளவே, ஆயினும் உடைந்தும் சேர்ந்தும் ஒரு நாளிற் சுழலும் அளவு ஒருவரின் உடல் நிறைக்கு ஏறத்தாழ ஒப்பாகும் என்பர்.

இத்துணை பெரிய காரியத்தைச் செய்தவருக்கு ஹாவாட்டிற் கிடைத்தது 1930இல் கலாநிதிப் பட்டம். நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. கூட்டாகச் செய்த ஆராய்ச்சியின் பெருமை பெரும்பாலும் பிஸ்கேயைச் சார்ந்தது. பின்னாளில், 1988இல், நோபல் பரிசு பெற்ற ஹிச்சிங்சு அக்காலத்தில் அவ்வாய்வுகூடத்து மாணவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சில பிஸ்கேயின் அழுக்காற்றால் வெளிவராமல் தடைப்பட்டு, ஆண்டுகள் பல சென்றபின் வேறு பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என அவர் கூறியுள்ளார். சுப்பாராவும் தமக்காக வாதாடியவரல்லர். துறவு வேட்கையின் எச்சமோ, இயல்போ யாமறியோம். அடக்கம் நற்குணமே. எனினும், தன் பெயரைக் காத்துக்கொள்ள மாணவனுக்குக் கற்பித்தலும் ஆசிரியர் கடனென்றே நாம் கருதுகின்றோம்.

1940இல் அவர் நியூயோர்க் மாநிலத்துப் பேர்ள் றிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்தாய்வு நிலையத்திற் சேர்ந்து, விரைவில் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். முத்தாறு என்று பொருள்படும் அவ்வூர்ப்பெயர் மன்னாருக்கு அந்நியமன்று. அங்கே எஞ்சியிருந்த எட்டாண்டுகளில் அவர் குழுவினர் செய்தவை, ஒரு நூற்றாண்டிற்குப் போதும். முதலிற் போலிக்கமிலம். பம்பாயில் நெசவாலைப் பெண்களின் கருப்பகாலச் சோகையை ஆராய்ந்த லூசி வில்சு என்னும் ஆங்கில வைத்தியர், மதுவத்தாற் செய்த மாமைற்று அதனை மாற்றுவதை முன்னரே கண்டிருந்தார். நம் வீடுகளிற் பாணிற் பூசும் அதே மாமைற்றுத்தான். அதில் அடங்கிய சத்தினைச் சுப்பாராவின் குழுவினர் 1945இல் தொகுத்து ஆக்கினர். தமையனையும் தம்பியையும் கொண்ட கிராணி நோய்க்கு அது மருந்தாயிற்று. எமது தாய்மார் கருவுற்ற காலத்திற் சிகிச்சை நிலையங்களிற் பெறும் சிறு வில்லை அதுவே.

போலிக்கமிலத்தைச் சிறிது மாற்றி அவர்கள் ஆக்கிய அமினோப்றெரினை, பொஸ்ரனிற் சிட்னி பாபர் என்னும் வைத்தியர் குருதிப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். மருந்தால் அந்நோய் தணிந்தமைக்கு முதற் சான்று அது. அதன் இனத்ததாகிய மெதோறெக்சேற்று இன்றும் வழங்குகின்றது. யானைக்கால் நோய்க்குரிய ஹெற்றசான் 1947இல் வந்தது. இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களிற் பல தலைமுறையாய் மக்களை வருத்திய அந்நோய் இனிப் பொதுச்சுகாதாரப் பிரச்சினையன்று என 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்கு வழங்கிய மருந்துகளுள் அதுவும் ஒன்று. மண்ணில் வாழும் நுண்ணங்கியிலிருந்து டகர் என்னும் முதிய தாவரவியலாளர் கண்ட ஒறியோமைசினும் சுப்பாராவின் தலைமையின் கீழ் வெளிவந்ததே. 1948 ஆகஸ்ட் மாதத்தில், உறக்கத்திலே மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. வயது 53. நூற்றாண்டு நினைவாக 1995இல் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த முத்திரை ஒன்றை வெளியிட்டது.

இவ்வரலாற்றைக் கேட்டறிந்த பின் ஒரு மாலை நாம் கடற்கரைக்குச் சென்று அம்மாணவனைக் கண்டோம். வாடியருகே வலை பொத்திக்கொண்டிருந்தான். எம்முடைய புத்திமதி பிழையென்று முதலிற் சொன்னோம். பின் சுப்பாராவைப் பற்றியும், தனிப்பட்ட பரீட்சார்த்தியாய் அவன் மீண்டும் தோற்றலாம் என்பதையும் கூறினோம். அவன் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். பரீட்சையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்து தாயாரைப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டான். வரவில்லை என்றோம், மூன்று ஆண்டில் திரும்புவதாய்ச் சொல்லிச் சென்றவர் மனைவியையும் பின்னர்க் காணவில்லை என்றோம். சிறிது நேரங் கழித்து, விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.